கணவாயில் அணைத்த எஞ்சின்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, பென்னலூர் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு வாஷர் மாற்றியது. அவர் டார்ச் பிடித்தார், நான் போல்ட் முடுக்கினேன். தண்ணீர் ஏறியது. அந்த வாரமே மாரடைப்பில் போய்விட்டார். 2005 மார்ச். வயது ஐம்பத்தேழு.

அண்ணாதுரை, டிரைவர். ஒரகடம் பக்கத்து யார்டிலிருந்து புது லாரிகளை ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரயிலில் திரும்புவது அவர் தொழில். கல்கத்தா, நாக்பூர், ஜெய்ப்பூர் எல்லாம் போனவர். ரத்த அழுத்தம் இருந்ததால் சூப்பர்வைசர் சுப்பராயன் மலை டிரிப் மட்டும் தருவதில்லை. மற்ற டிரைவர்கள் இமாசலத்தில் ரோதாங் கணவாயைத் தாண்டி கேலாங் வரை போய்வந்தார்கள். அப்பாவுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஃபிளாட் ரோடு'. ஓய்வு பெறுவதற்குள் ஒரு தடவையாவது அந்தக் கணவாயைத் தானே ஓட்டித் தாண்ட வேண்டும் என்பது அவர் ஆசை.

2004 ஜூனில் ஒரு தண்ணீர் டேங்கர் கேலாங் போக வேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை.

"ஏறிடுவியா நைனா?" என்றார் சுப்பராயன்.

"வண்டிதான சார் ஏறப்போவுது. நான் குந்திகினுதான வரப்போறேன்."

துணைக்குப் போனவன் பேச்சிராஜ், விளாத்திகுளத்துக்காரன். நடந்ததை அவன்தான் எங்களுக்குச் சொன்னான்.

புது வண்டி மலை ஏறினால் உச்சியில் சூடம் காட்ட வேண்டும், அப்போது எஞ்சின் ஓடக் கூடாது என்பது யார்டு வழக்கம். காலையில் உச்சியை எட்டியதும் அப்பா வண்டியை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, இங்ஙன வண்டிய அமத்தாதிய. குளிர்ல மறுபடி எடுக்காது."

"சாமி முன்னால உறுமிகினு நிக்கச் சொல்றியாடா?"

அணைத்தார். காற்றில் சூடம் பற்றவில்லை. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கும்பிட்டுவிட்டு ஏறிச் சாவியைத் திருகினார். ஸ்டார்ட்டர் முனகி நின்றது. கிட்டத்தட்ட நாலாயிரம் மீட்டர் உயரம், மெலிந்த காற்று, குளிர்ந்த பேட்டரி. எடுக்காததில் வியப்பில்லை. பின்னால் ஹாரன்கள். சுற்றுலா பஸ்காரர்கள் இறங்கித் தள்ளினார்கள். டேங்கர் காலி என்பதால் நகர்ந்தது, இறக்கம் பிடித்தது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டார். எஞ்சின் எடுத்தது. அதற்குள் கணவாய் பின்னால் போயிருந்தது.

யார்டில் விடவில்லை.

"இன்னா தலைவரே, மலைய தள்ளிகினே தாண்டினீங்களாமே?"

"தள்ளுனது அவனுங்க. ஸ்டியரிங் யார் கைல இருந்துச்சு?"

சொன்னாரே தவிர, அவருக்கு அது தாண்டியதாகக் கணக்கில்லை. வீட்டில் அம்மா மரகதம் கேட்டது ஒன்றுதான்.

"மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

பிரிக்காத மாத்திரை அட்டையைப் பையிலிருந்து அம்மா எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

கணவாய்க்கு ஏறும் வழியில் சாலையோரக் கடைகளில் கம்பளிக் கோட்டு வாடகைக்குத் தருவார்கள். இறங்கும்போது திருப்பித் தர வேண்டும். அப்பா அங்கே எடுத்த கோட்டோடு கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டார். டேங்கரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பி வந்த பஸ் கடையருகே நிற்கவில்லை.

"பார்சல் போட்டுருவோம் அண்ணாச்சி" என்றான் பேச்சிராஜ்.

"வேணாம். அடுத்த சீசன்ல நானே ஓட்டிகினு போய்க் குடுக்குறேன். இந்த வாட்டி ஆஃப் பண்ணமாட்டேன்."

சுப்பராயனும் ஒப்புக்கொண்டிருந்தார்.

கோட்டு வீட்டில்தான் இருக்கிறது. கழுத்துப் பட்டையில் கடையின் எண் தைத்திருக்கிறது. பனி விலக்கி, கணவாய்ச் சாலையை மே கடைசியில்தான் திறப்பார்கள்.