பல்லால் கேட்டவர்

என் அக்கா புருஷன் பல்லால்தான் கேட்பார் என்று சொன்னால், "ஆரம்பிச்சுட்டா கயிறு திரிக்க" என்று எங்கள் வீட்டில் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். நான் இதுவரை திரித்த கயிறுகளை முடிச்சுப் போட்டால் நிலாவுக்கு ஏணி கட்டலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதையில் ஒரே இடத்தில்தான் பொய் வருகிறது. அந்த இடம் வரும்போது நானே சொல்லிவிடுகிறேன்.

அத்தான் வேலை பார்த்தது காகித ஆலைக்கு வெள்ளைக்கல் பொடி அனுப்பும் தொழிற்சாலையில். பொடியைத் தண்ணீரில் கலந்து, இரண்டு மாடி உயரத் தொட்டியில் நிரப்பி வைத்திருப்பார்கள். பார்வைக்குப் பால். உள்ளே அத்தனையும் கல். உப்பு கரைகிற மாதிரி அது கரையாது; விழாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத் தொட்டியின் நடுவில் பெரிய துடுப்பு ஒன்று ஓயாமல் சுற்றும். மெதுவாகச் சுற்றினால் பெரிய துகள்கள் அடியில் படுத்துவிடும். வேகமாகச் சுற்றினால் மோட்டாருக்கு மூச்சு வாங்கும். நின்றுவிட்டால் தொலைந்தோம்.

நின்றவுடனே எல்லாம் தொப்பென்று விழாது. கலவை அத்தனை அடர்த்தி. சினிமா விட்டதும் கூட்டம் குறுகலான படியில் இறங்குமே, அந்த மாதிரி துகள்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு மெல்லத்தான் இறங்கும். அவை இறங்க வேண்டுமென்றால், கீழே இருக்கிற தண்ணீர் அதே படியில் எதிரே ஏறி வந்தாக வேண்டும், பாருங்கள். ஆனால் இறங்கி உட்கார்ந்துவிட்டால், பெரிசுகளுக்கு நடுவே இருக்கிற இண்டு இடுக்கில் எல்லாம் பொடிசுகள் போய் அடைத்துக்கொள்ளும். அப்புறம் கடப்பாரைதான். துடுப்பு புதைந்திருப்பது தெரியாமல் யாராவது ஸ்விட்சைப் போட்டால், தண்டு முறுக்கிக்கொண்டு ஒடியும்.

மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எப்போதும் அதே வெள்ளை. அதனால் அத்தான் இரும்புக் கம்பி ஒன்றைத் தொட்டியின் அடிப்பாகத்தில் முட்டுக்கொடுத்து, மறுமுனையில் காதை வைப்பார். துகள்கள் ஓடினால் மணல் சலிக்கிற மாதிரி சரசரவென்று கேட்கும். சத்தம் இல்லாத இடத்தில் கல் படுத்துவிட்டது என்று அர்த்தம்.

நாற்பது வயதில் அவருக்குக் காது போயிற்று. நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, காதுக்குள் இருக்கிற குட்டி எலும்பு இறுகி அசைய மாட்டேன் என்கிறது என்றார் டாக்டர். ஆபரேஷன் என்ற பேச்சு வந்ததும் அத்தான் எழுந்து வந்துவிட்டார். லீவு போட்டால் விஷயம் வெளியே வரும். காது கேட்காத ஆளைத் தொட்டிப் பக்கம் விடமாட்டார்கள். வாசல் கேட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். தொட்டியை விட்டால் அவருக்கு வேறு எதுவும் தெரியாது.

எட்டு மாதம் கம்பியில் கையை வைத்து அதிர்வைப் பார்த்தே ஒப்பேற்றினார். ஒருநாள் இரண்டு கையிலும் வேலை இருந்ததால் கம்பியைப் பல்லில் கவ்விக்கொண்டார். மறுமுனை தொட்டியில் இடித்தது. மண்டைக்குள்ளே சரசரவென்று கல் ஓடியது.

அன்று வீட்டுக்கு வந்தவர் நேராகச் சமையலறைக்குப் போனார். நீளமான மரக்கரண்டி ஒன்றை எடுத்து, காம்பைக் கவ்விக்கொண்டு, குழிந்த பக்கத்தை அக்காவின் தாடையில் வைத்து, பேசு என்று கையைக் காட்டினார்.

"என்ன பேசுறது? மொதல்ல கையைக் கழுவுங்க," என்றாள் அக்கா.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் கேட்ட அவள் குரல் அதுதான். கரண்டியைக் கவ்வியபடியே அழுதார்.

அதன் பிறகு அந்த வீட்டில் சமையல் கரண்டி வேறு, பேச்சுக் கரண்டி வேறு. சண்டை முற்றினால் அத்தான் கரண்டியை வாயிலிருந்து எடுத்துவிடுவார். எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும் இந்த வசதி! என்னையும் ஒரு தடவை பேசச் சொன்னார்கள்.

"ஐயோ, உங்க எச்சில் டெலிபோன் எனக்கு வேண்டாம்மா," என்று ஓடிவந்துவிட்டேன். என்னிடம் அவர் உதட்டைப் பார்த்தே சமாளிப்பார்.

தொழிற்சாலையில் அவருக்குப் 'பல்குச்சி' என்று பெயர் விழுந்தது. இஸ்திரி கலையாத சட்டை போட்ட சூப்பர்வைசர் ஒருவர் உண்டு.

"என்ன பல்குச்சி, தொட்டியைக் கடிச்சுப் பாக்குறீங்களா? பதம் சரியா இருக்கா?" என்பார்.

அத்தான் அவர் உதட்டைப் பார்த்துச் சிரித்துவைப்பார். பதினோரு வருஷம் இப்படியே ஓட்டினார். கம்பி வித்தையை ஒருத்தருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொடுத்தால், ஏன் பல்லில் வைக்கிறாய் என்று எவனாவது கேட்பான். அதனால் அந்தத் தொட்டியின் அடிவயிறு அவர் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

அக்காவுக்கு இதயம் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்த்த நாலாம் நாள், காலை பத்து மணிக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. வார்டில் மின்விசிறி நின்றது. அக்கா அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையிலிருந்து கரண்டியை எடுக்கச் சொல்லி, தாடையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வாசலையே பார்த்தாள்.

நர்ஸ், "என்னம்மா, பசிக்குதா?" என்றாள்.

"இல்லம்மா, அவளுக்கு ஒரு போன் வர வேண்டியிருக்கு," என்றேன் நான்.

அக்கா சிரித்தாள். மூச்சு இரைத்தது. அப்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பேச முடியவில்லை. பதினோரு மணிக்கு டாக்டர், வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்றார். நான் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன்.

அங்கே நடந்ததைச் சூப்பர்வைசர் பிறகு என்னிடம் சொன்னார். கரண்ட் வந்துவிட்டது, ஆனால் ஒரு மணி நேரமாகக் கல் உட்கார்ந்திருந்தது. அடிக்குழாய்களில் தண்ணீரைப் பீய்ச்சி, துடுப்பைச் சுற்றி இறுகியதை முதலில் எழுப்ப வேண்டும். அது எழுந்துவிட்டதா என்று கேட்டுச் சொல்ல அத்தானை விட்டால் ஆள் இல்லை. 'மனைவி நிலைமை மோசம். உடனே வரவும்' என்ற துண்டுச் சீட்டை அவர் தொட்டிக்கு அடியில் குப்புறப் படுத்தபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கம்பியைக் கவ்விக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தார். நடுவில் இரண்டு தடவை சீட்டை எடுத்துப் பார்த்தாராம்.

துடுப்பு அசைந்தது. இனி ஒவ்வொரு மூலையாகக் கேட்டுக் கேட்டு வேகத்தைக் கூட்ட வேண்டும். அத்தான் வெளியே தவழ்ந்து வந்து கம்பியைச் சூப்பர்வைசரிடம் நீட்டினார். அவர் கைக்குட்டையைச் சுற்றிப் பல்லில் வைக்கப் போனார்.

"காதுலயே வைங்க சார். உங்களுக்குக் காது இருக்கு. எனக்குத்தான் இல்ல."

இந்தச் சத்தம் ஓட்டம், இந்தச் சத்தம் படுக்கை என்று அத்தான் இடம் இடமாகக் காட்டினார். பத்து நிமிஷத்தில் சூப்பர்வைசர் கற்றுக்கொண்டார்.

பத்தே நிமிஷம்.

அடுத்த மாதம் அத்தானுக்கு அந்த வாசல் கேட் ஸ்டூல் வந்து சேர்ந்தது.

அவர் வார்டுக்குள் நுழைந்தபோது, முழங்கைவரை வெள்ளை காய்ந்து வெடித்திருந்தது. அக்கா போய் அரைமணி நேரம் ஆகியிருந்தது. நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவள் விரல்களிலிருந்து கரண்டியை மெதுவாக விடுவித்து, காம்பைக் கவ்விக்கொண்டு, குழிந்த பக்கத்தை அவள் நெஞ்சில் வைத்தார். கேட்டார். இடத்தை மாற்றி வைத்தார். நாலு இடம். ஒவ்வொரு இடத்திலும் தொட்டியில் நிற்கிற மாதிரி பொறுமையாக நின்றார். வார்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

என்னால் தாங்கவில்லை. பதினோரு வருஷமாக மாட்டேன் என்ற நான், கரண்டியை இழுத்து என் தாடையில் வைத்துக்கொண்டேன். பொய் வருகிற இடம் இதுதான்.

"அக்கா உங்களைத்தான் நினைச்சுக்கிட்டே இருந்தா அத்தான். ஒரு குறையும் இல்லாம ராணி மாதிரி வச்சிருந்தீங்களாம். நீங்க அழக் கூடாதாம். அடுத்த பிறவியிலயும் நீங்களேதான் வரணுமாம், அப்பவும் இதே கரண்டியோட..."

எனக்குச் சொல்லிக்கொண்டே போக வரும். அவர் கரண்டியை வாயிலிருந்து எடுத்தார். காம்பைச் சட்டையில் துடைத்தார்.

"உன் அக்கா இவ்வளவு நீளமா பேச மாட்டா," என்றார். "நெஜமா என்ன சொன்னா?"

மறுபடியும் கவ்விக்கொண்டார். குழிந்த பக்கத்தை நான் தாடையோடு அழுத்திக்கொண்டேன்.

"கரண்ட் போயிருக்கே, தொட்டி ஓடுதான்னு கேட்டா."

அத்தான் தலையை ஆட்டினார். கரண்டியைக் கட்டிலில் வைத்துவிட்டு அவள் பக்கம் குனிந்தார்.

"ஓடுதும்மா," என்றார். "ஒரு மூலையில மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடும்."