அம்மாவுக்காகக் கேட்ட ஒரு வருடம்

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஆட்கள் அதை நிரந்தர விசா என்பார்கள். அட்டையில் ஜெர்மன் மொழியில் கால எல்லை இல்லை என்று அச்சடித்திருக்கும். அது கிடைத்த அன்று, ஸ்டுட்கார்ட்டில் நான் வேலை செய்த உணவகத்தின் பின்வாசலில் நின்று ஆளுக்கொரு பியர் குடித்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கால எல்லை இல்லை என்று அரசாங்கமே எழுதித் தந்த பிறகு மேலே என்ன கேட்பது?

அதற்கு முன்னும் பின்னும் ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. லைப்சிக்கில் ஒரு களஞ்சியத்தில் பொதி பிரித்தேன். எர்லாங்கனில் பல்கலைக்கழகக் கட்டடங்களைத் துடைத்தேன். அங்கே வேலைக்குச் சைக்கிளில் போகும் தமிழ்நாட்டுப் பொறியியலாளர்கள் என்னைத் தமிழன் என்று கண்டுபிடித்துவிட்டு ஆங்கிலத்தில் பேசுவார்கள். நான் தலையாட்டுவேன். அதுவும் அலுத்துத் திரும்பவும் ஸ்டுட்கார்ட் சமையலறைக்கே வந்தேன். அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றே கூப்பிடுவோம். அவருடைய வீட்டில் ஓர் அறை எனக்கு.

யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்று அக்கா சொன்ன கிழமையே வேலையை விட்டுவிட்டுப் போனேன். எத்தனை நாளைக்கு என்று யாரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அம்மாவால் பேச முடியவில்லை. நாங்கள் பேசுவது விளங்கியது. படுக்கைப்புண் வராமல் இருக்க அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது என் வேலை. கஞ்சியைக் கரண்டியால் பருக்கினால் பாதி வழிந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி பருக்க வேண்டும். அக்காவுக்கு முதுகுவலி. அதனால் தூக்குவது, கழுவுவது எல்லாம் நான்தான். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சம்பளத்துக்கு இதே வேலையை ஜெர்மனியில் எத்தனையோ பேர் செய்கிறார்கள். ஆனால் ஒரு வேலையில் சலிப்பு வராமல் நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

அப்படி மாதங்கள் போய்க்கொண்டிருந்தபோது அண்ணை தொலைபேசியில் எடுத்தார்.

"டேய், எப்ப வாறாய்?"

"பாப்பம் அண்ணை. இங்க நிலைமை அப்பிடி."

"ஆறு மாதம் முடியப் போகுது, தெரியுமோ?"

"அதுக்கென்ன, நிரந்தர விசாதானே."

"விசர்க் கதை கதையாதை. உன்ர நிரந்தரம் ஆறு மாதம்தான். அதுக்கு மேல வெளியில நிண்டா தன்பாட்டில செத்துப் போகும். ஒருத்தரும் கடிதம் போட்டுச் சொல்லமாட்டினம்."

"உங்களுக்கும் அப்பிடியோ?"

"எனக்குப் பதினைஞ்சு வருசம் தாண்டீட்டுது, கையில வேலையும் இருக்கு. என்னை அசைக்க ஏலாது. நீ நேற்று வந்தவன், வேலையும் இல்லாதவன். வா, வந்து அலுவலகத்தில சொல்லிப்போட்டுத் திரும்பிப் போ. போக முதலே கேட்டிருந்தால் கூடக் காலம் தந்திருப்பாங்கள்."

எனக்கு அந்த நாட்டை விட்டால் வேறு வருமானம் கிடையாது. அம்மாவின் மருந்தும் அங்கே உழைத்ததிலிருந்துதான் வந்தது. அம்மாவிடம் "போட்டு வாறன்" என்றேன். எங்கே என்று கேட்க அவரால் முடியாது. அசையக்கூடிய கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அக்கா விரல்களை விரித்து எடுத்துவிட்டார்.

ஸ்டுட்கார்ட்டில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பதற்கே மூன்று கிழமை காத்திருந்தேன். டெர்மின் என்று சொல்லும் அந்த நேரம் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அண்ணை துணைக்கு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் நல்ல மனுசி. நோயுற்ற தாயைப் பார்ப்பது தற்காலிகமான காரணம்தான், அதற்குக் கூடுதல் காலம் தரலாம் என்றார். பிறகு, எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்டார். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள், எவ்வளவு காலம் பராமரிப்புத் தேவை என்று அதில் இருக்கட்டும் என்றார்.

அன்றே அக்காவுக்கு எடுத்தேன்.

"டொக்டரிட்டை என்னெண்டு கேக்கிறது?" என்றார் அக்கா. "அம்மா எப்ப சாவா எண்டு எழுதித் தாங்கோ எண்டோ?"

"அப்பிடியில்லை அக்கா. எவ்வளவு காலம் பாக்கவேணும் எண்டு."

"ரெண்டும் ஒண்டுதானே?"

இரண்டும் ஒன்றுதான். எங்கள் வீடுகளில் அப்படி ஒரு கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. படுக்கையில் கிடப்பவர் மூச்சு நிற்கும் வரைக்கும் சுகமாகிக்கொண்டுதான் இருப்பார். மருத்துவரும் எங்கள் ஊர்க்காரர்தான். தொடர்ந்து பராமரிப்புத் தேவை என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். காலம் போடவில்லை.

அந்தக் கடிதத்தோடு இரண்டாவது தடவை போனோம். ரயிலில் அண்ணை சொல்லிக்கொண்டே வந்தார்.

"ரெண்டு வருசம் எண்டு கேள். குறைக்கிறதெண்டால் அவங்கள் குறைக்கட்டும்."

"மீன் விலை பேசப் போறமோ அண்ணை?"

"பின்னை? கொஞ்சமாக் கேட்டுப்போட்டு, பிறகு நீ அங்க இருந்துகொண்டு நாளை எண்ணப் போறியோ?"

எனக்கு அவர் சொன்னது புரிந்தது. மூன்று மாதம் என்று கேட்டால் அதற்குள் அம்மா போய்விட வேண்டும் என்று நானே சொல்வது போல. இரண்டு வருடம் என்று கேட்டால் அத்தனை காலம் அவர் அப்படியே கிடந்து வருந்தட்டும் என்பது போல. எதைச் சொன்னாலும் அது அம்மாவுக்கு நான் போடும் தவணை. அந்தப் பெண் கடிதத்தைப் படித்துவிட்டு, காலம் இல்லையே என்றார். மறுபடியும் அதே கேள்வி. அண்ணை மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். ஒரு வருடம் என்றேன். அந்தப் பெண் உடனே தட்டெழுதினார். உங்கள் தாய்க்குச் சுகம் கிடைக்கட்டும் என்றும் சொன்னார்.

பத்திரத்தைத் தபாலில் அனுப்பினார்கள். அது வந்ததும் டிக்கெட் போட்டுவிட்டு அக்காவுக்குச் சொன்னேன்.

"எவ்வளவு தந்தவங்கள்?"

"ஒரு வருசம்."

"ஒரு வருசமோ..." என்றார். பிறகு, "தம்பி, அம்மாவுக்கு இப்ப கஞ்சியும் இறங்குதில்லை" என்றார்.

நான் விமானம் ஏறுவதற்கு முன்பே அம்மா போய்விட்டார். உனக்காக வைத்திருக்கவோ என்று அக்கா கேட்டார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காகப் பிரேதத்தை மருந்தேற்றி வைத்திருப்பது எங்கள் ஊரில் பழகிவிட்டது. அவ்வளவு நாள் படுத்துக் கிடந்தவரை இன்னும் கிடத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை. எடுங்கோ என்றேன். நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பலும் கரைத்தாயிற்று.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரைக்கும் நின்றேன். அடுத்த நாள் பெட்டியை அடுக்கும்போது அக்கா வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"ஒரு வருசம் தந்தவங்கள் எண்டாய். இப்ப என்ன அவசரம்?"

"வேலை இருக்கக்கா."

வேலை ஒன்றும் இருக்கவில்லை. என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக அண்ணை சொல்லியிருந்தார். அம்மாவின் கட்டிலைக் கழற்றி வெளியே சாத்தியிருந்தார்கள். அந்த அறையில் எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை.