கம்ப்ரசருக்கு அடியில் பிடித்த துணி

என் பட்டறை மேசையின் இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பனியன் துணி கிடக்கிறது. நடுவில் டீ சிந்தினாற்போல ஒரு பழுப்புக் கறை. மனைவி அதை மூன்று முறை குப்பையில் போட்டாள், மூன்று முறையும் எடுத்து வந்துவிட்டேன். பனியன் வேஸ்ட் கிலோக் கணக்கில் விற்கிற திருப்பூரில் இந்த மனுசன் எதற்கு இதைப் போய்க் காப்பாற்றுகிறான் என்று அவள் சந்தேகப்பட்டால் தப்பில்லை. ஆனால் சந்தேகத்தில் நான் அவளுக்கு சீனியர்.

எனக்கும் சீனியர் ஒருவர் இருந்தார். அந்தத் துணி அவருடையதுதான். எங்கள் கம்பெனியில் நான் தையல் மிஷின் மெக்கானிக். அவர் பிட்டர். கம்ப்ரசர், ஜெனரேட்டர் என்று இரைச்சல் போடுகிற எல்லாம் அவர் கையில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். டீக்கடையில் கிளாசை வெளிச்சத்துக்குத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பிரஷர் மீட்டரின் முள்ளை விரலால் சுண்டி, "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்பார். முள் ஆடிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்தாலும் அரை மனதோடுதான் விலகுவார்.

இரண்டாயிரத்து ஏழோ எட்டோ இருக்கும். வீடு கட்டும்போது பெருமைக்கு ஒரு கார் ஷெட் போட்டிருந்தேன். கார்தான் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு அங்கேயே மிஷின் ரிப்பேர் பட்டறை போடுவதென்று முடிவு செய்தேன். மிஷினுக்குள் அடைந்த பஞ்சை ஊதித் தள்ள ஒரு கம்ப்ரசர் வேண்டும். மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "ஏனுங்க, அந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கந்தான் பாப்பா தொட்டில் கட்டியிருக்குது. பாத்து வாங்குங்க." அதனால்தான் பிட்டர் அண்ணனைத் துணைக்குக் கூப்பிட்டேன். அவர் வந்தபிறகு பாப்பாவைப் பற்றிய பயம் போய், அவரைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

மூடிய கம்பெனிகளின் சாமான்களெல்லாம் அப்போது புதுப் பெயின்ட் பூசிக்கொண்டு ரோட்டோரம் வந்து நின்றன. அவிநாசிபாளையம் போகிற வழியில் ஒரு புரோக்கரின் கொட்டகையில் நீல நிறத்தில் ஒன்று மினுமினுத்தது. ஐந்து ஹெச்.பி. மோட்டார், ஆள் படுக்கிற நீளத்தில் டேங்க். "பஞ்சு ஊத ரெண்டு ஹெச்.பி. போதும்வே. இத வச்சு ஊதினா மிஷினே பறந்துரும்" என்றார் அண்ணன். பிறகு சட்டைப்பையிலிருந்து இந்தத் துணியை எடுத்தார், டேங்குக்கு அடியில் பிடித்தார், தண்ணீர் வடிக்கிற திருகைத் திறந்தார். காற்றை அழுத்தி அடைக்கிற டேங்கில் ஈரம் சேரும், அதைத் தினமும் வடிக்க வேண்டும். வடிக்காதவன் டேங்கை உள்ளுக்குள் துரு தின்னும். துணி பழுப்பானது. அண்ணன் அதை என் கையில் திணித்துவிட்டு, "இது வேண்டாம்வே" என்று வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அடுத்த வாரமே பல்லடம் ரோட்டில் ஒரு வியாபாரியின் கடையில் ஒரு சின்ன கம்ப்ரசரைக் காட்டி, "இத எடும்" என்றார். பார்க்க இஸ்திரிப் பெட்டிக்குத் தம்பி மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அன்று சாயங்காலமே பழைய பஸ் ஸ்டாண்டில் அந்த வியாபாரி அண்ணன் கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொடுப்பதைப் பார்த்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. கமிஷன்! நல்ல சாமானைத் தட்டிவிட்டதும் இதற்குத்தான்! மறுநாள் நானே ஒரு வெள்ளைத் துணியோடு நீல டேங்கைப் பார்க்கப் போனேன். திருகைத் திறந்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. "நாந்தான் சொன்னேனுங்களே" என்றார் புரோக்கர். அன்றைக்கே அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என் வீட்டில் சிங்கிள் பேஸ் கரண்ட், அந்த மோட்டாருக்கு த்ரீ பேஸ் வேண்டும் என்பது இறக்கிவைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மெக்கானிக்!

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அண்ணன் நேராக வீட்டுக்கு வந்தார். என் மனைவி போன் செய்திருக்கிறாள். கேரியரில் ஒரு கைப்பம்ப். சாயப்பட்டறை பாய்லர்காரரிடம் இரவல் வாங்கியதாம். நான் என் வெள்ளைத் துணியைப் பெருமையாக நீட்டினேன். "கழுவி வச்ச டேங்குல பின்ன துருவா வரும்?" என்றார். "நீரு என்னைய நம்பாண்டாம், துணியையும் நம்பாண்டாம். தண்ணிய நம்பும். காத்த அடச்சு வெடிச்சா செவுரு போயிரும். தண்ணிய அடச்சா ஒழுகத்தான் செய்யும்."

டேங்க் நிறையத் தண்ணீர் விட்டு, மற்ற துவாரங்களை அடைத்து, பம்ப்பை மெல்ல அடித்தார். முள் ஏறியது. ஒன்றுமில்லை. எனக்குள் ஒரு கெட்ட சந்தோசம். "பாத்தீங்களாண்ணா" என்று டேங்குக்கு அருகே குனிந்தேன். டேங்கின் காலை வெல்டிங் வைத்த இடத்தை ஒட்டி நீலப் பெயின்ட் வேர்த்தது. பிறகு ஒரு கொப்புளம். பிறகு நூல் மாதிரி ஒரு பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி, வெள்ளிக்கிழமைதான் வாங்கிய என் வெள்ளைச் சட்டையில் குறுக்கே கோடு போட்டது. கொட்டகையில் வைத்தே ஏன் இப்படிச் சோதிக்கவில்லை என்றேன். "நாந்தான் வேண்டாம்னேனே. வாங்காத டேங்குக்கு எதுக்குவே தண்ணி?" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டில் கிறீச்சென்று ஆடும் சத்தம் கேட்டது. பீய்ச்சிய பக்கம் அந்தச் சுவரைப் பார்த்தபடிதான் இருந்தது.

ஓட்டையில்லாத மேல்பாதியைச் சேவூர்க்கார மாமனார் அறுத்துக் கொண்டுபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வைத்துக்கொண்டார். விருந்துக்குப் போகும்போதெல்லாம், "மாப்பிள்ளைங்க, மாடு தைரியமாத்தானுங்க குடிக்குது" என்பார். நான் பல்லடம் ரோட்டுச் சின்னதையே வாங்கினேன். வாங்குவதற்கு முன், "இதையும் பம்ப் போட்டுப் பாத்துரலாமுங்கண்ணா" என்றேன். அண்ணன் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தார். அதில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

அவர் ஊருக்குத் திரும்பிப் பல வருசமாகிறது. தொட்டிலில் கிடந்தவள் காலேஜுக்குப் போகிறாள். நான் தினமும் காலையில் திருகைத் திறந்து துணி பிடிக்கிறேன். இன்று லேசாகப் பழுப்பு தெரிந்தது. இழுப்பறைத் துணியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அதே சாயல். உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"எத்தன வருசம் ஓடிச்சு?"

"பதினேழு, பதினெட்டு இருக்குமுங்கண்ணா."

"பொறவென்ன? தூரப் போட்டுட்டு வேற வாங்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "இல்லேன்னா சொல்லும், அந்தக் கமிஷன்ல பாதிய அனுப்பி விடுதேன்."

சந்தேகப்பட்டதை நான் அவரிடமோ மனைவியிடமோ இன்றுவரை மூச்சு விட்டதில்லை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு, இரண்டு துணிகளையும் கையில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பை வெளிச்சத்துக்குத் தூக்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.