ஹெல்மெட்டில் விழாத கோடு

ஒரு விஷயம் புரியாவிட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். புரிந்த பிறகு வெட்கம் வரும். நான் சொல்லப்போகும் அந்த நாளில் இரண்டுக்கும் நடுவே பாதிப் பகல் தத்தளித்தேன்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு பிரிண்டிங் கடை இருக்கிறது. ஸ்டிக்கர், ஐடி கார்டு, கல்யாணத்தில் கொடுக்கும் தண்ணீர் பாட்டிலில் பெயர் போடுவது, இதெல்லாம் என் பிழைப்பு. பாட்டில் மாதிரி உருண்டைச் சாமான்களில் நேரடியாக அச்சடிக்க ஒரு மெஷின் வாங்கியிருந்தேன். அதில் தெர்மல் ஹெட் என்று ஒரு பட்டை உண்டு. சீப்பு நீளத்துக்கு நேராக நிற்கும். அதன் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத சூட்டுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அதற்கும் பாட்டிலுக்கும் நடுவே மை ரிப்பன் ஓடும். எந்தப் புள்ளி சுடுகிறதோ அந்த இடத்து மை உருகி, உருளுகிற பாட்டிலில் ஒட்டிக்கொள்ளும். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைப் பெருமையாக விளக்குவேன். கேட்காதவர்களையும் விடமாட்டேன்.

அந்தப் பெருமையில்தான் ஹெல்மெட் ஆர்டரை ஒத்துக்கொண்டேன். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலை வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு கான்ட்ராக்டர் வந்து கேட்டார். ஸ்டிக்கர் ஒட்டினால் வெயிலிலும் தூசியிலும் பத்து நாளில் உரிந்துவிடுகிறதாம். மஞ்சள் ஹெல்மெட்டின் நெற்றியில் ஒரே வரியாக ஆள் நம்பரும் ரத்த குரூப்பும் அச்சாக வேண்டுமாம்.

"பாட்டில்ல வருது, இதுல வராதாம்மா?" என்றார்.

"ஏன் சார் வராது?" என்றேன். வாயை அடக்கியிருக்கலாம்.

கையால் எழுதிய லிஸ்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அறுபது ஹெல்மெட். பாட்டில் வேலையில் எனக்கு ஒரு பழக்கம்: முதல் பாட்டிலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், அது சரியாக இருந்தால் மீதி அத்தனையும் சரி. ஹெல்மெட்டுக்கும் அப்படியே செய்தேன். முதல் ஹெல்மெட் பளிச்சென்று இருந்தது. மீதியைப் பெட்டியில் அடுக்கி அனுப்பிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில், பூலாம்பாடியிலிருந்து ஒரு தம்பி அந்த ஹெல்மெட்டில் ஒன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, ஆறு மாத வயிற்றோடு, மூச்சு வாங்க ஏறி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அக்கா, ரிப்போர்ட் வாங்கிட்டுப் போவலாம்னு வந்தோம்."

"என்ன ரிப்போர்ட்?"

"ரத்த ரிப்போர்ட்டுக்கா. நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க?" ஹெல்மெட்டைத் திருப்பிக் காட்டினார். பி மைனஸ் என்று இருந்தது.

"தம்பி, இது பிரிண்டிங் கடை. லேப் அடுத்த தெருவுல இருக்கு," என்றேன். குரல் கொஞ்சம் கூடித்தான் வந்தது.

அந்தப் பெண்தான் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவருக்கு ஓ மைனஸ். தாய்க்கு மைனஸ், தகப்பனுக்குப் பிளஸ் என்றால் ஏழாம் மாதம் ஒரு ஊசி போட வேண்டுமாம். இல்லையென்றால் அடுத்தடுத்துப் பிறக்கிற பிள்ளைகளுக்கு ஆபத்தாம். இரண்டு பேருக்குமே மைனஸ் என்றால் ஊசி தேவையில்லையாம். "இவுரு தனக்கும் மைனஸ்னு சொல்லிட்டாருங்க. நர்ஸம்மா ரிப்போர்ட்டைக் கொண்டா, அப்பதான் எழுதுவேன்னுட்டாங்க. கான்ட்ராக்டர்கிட்ட கேட்டா, லிஸ்ட்டு பிரிண்டிங் கடையிலதான் இருக்குன்னாரு."

போனில் லிஸ்ட்டைத் தேடி எடுத்தேன். தம்பியின் நம்பருக்கு நேரே பி பிளஸ் என்று இருந்தது. ஹெல்மெட்டைப் பார்த்தேன். மைனஸ். மறுபடி லிஸ்ட்டைப் பார்த்தேன்.

"ரெண்டுல எது தம்பி சரி?"

"அதத்தானக்கா நான் உங்களக் கேக்குறேன்."

"லிஸ்ட்டுல பிளஸ்னு யாரு குடுத்தது?"

"நான்தான் குடுத்தேன். எங்க அண்ணனுக்கு பி பாசிட்டிவ். கூடப் பொறந்தவன்தானே, நமக்கும் அதான்னு சொல்லிட்டேன். அப்பறம் ஹெல்மெட்ல மைனஸ்னு வந்துச்சா, சரி, வேலைக்குச் சேர்றப்ப ரத்தம் எடுத்தாங்களே, அதுல கண்டுபுடிச்சு மாத்திட்டாங்கன்னு நெனச்சுட்டேன்."

ஆக, பிளஸ் அவர் குத்துமதிப்பாகச் சொன்னது. மைனஸ் எங்கிருந்து வந்தது? நான் போடவில்லை. மெஷினுக்கு ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பாட்டிலில் அடித்துப் பார்த்தேன். பிளஸ் முழுசாக வந்தது. கடையில் மிஞ்சிக் கிடந்த ஹெல்மெட்டில் அடித்தேன். அதிலும் பிளஸ். "பாத்தீங்களா, மெஷின் சரியாத்தான் இருக்கு," என்றேன். அறுபது ஹெல்மெட்டை மாட்டிக் கழற்றியதில் பிடிப்புக் கொக்கி தளர்ந்திருக்குமோ என்று, துடைத்துவிட்டு, அதைச் சற்றுத் தளர்த்தி மறுபடி அடித்தேன். மைனஸ். மறுபடி அடித்தேன். மைனஸ். மெஷினை ஒரு தட்டுத் தட்டினேன். அதனால் என்ன ஆகப்போகிறது?

கடைசியில் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, பிளஸ் விழ வேண்டிய இடத்தில் நிமிர்த்தி வைத்தேன். நடுவில் மட்டும் தொட்டது. மேலேயும் கீழேயும் வெளிச்சம் தெரிந்தது. பாட்டில் ஒரு பக்கம்தான் வளைகிறது, மேலிருந்து கீழே அது நேர்தான். ஹெல்மெட் எல்லாப் பக்கமும் வளைகிறது. நெற்றி நடுவில் கொஞ்சம் தட்டையாக இருப்பதால் நம்பரும் எழுத்தும் தப்பித்துவிட்டன. வரியின் கடைசியில், சரிவில் விழுகிற கூட்டல் குறிக்குத்தான் மேல் கால் இல்லை, கீழ்க் கால் இல்லை. கொக்கி தளர்ந்தபோது ஹெட் அழுந்தாமல் நேராக நின்று நடுவை மட்டும் தொட்டிருக்கிறது. குறுக்குக் கோடு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

"தம்பி, மைனஸ் போட்டது என் மெஷின். உங்க ரத்தம் என்னன்னு இங்க யாருக்குமே தெரியாது," என்றேன். சொல்லும்போது என் முகம் எப்படி இருந்திருக்குமோ.

கடையை இழுத்து மூடிவிட்டு நானே அவர்களை லேபுக்கு அழைத்துப் போனேன். விரல் நுனியில் குத்தி எடுத்தார்கள். சிறிது நேரத்தில் காகிதம் வந்தது. ஏ பாசிட்டிவ். பி-யும் இல்லை, மைனஸும் இல்லை. இரண்டு மாதமாக அந்த மனுஷன் தலையில் சுமந்ததில் ஒரு எழுத்துகூட அவருடையது இல்லை. அவர் திருதிருவென்று முழித்தார். அவர் மனைவி அழ ஆரம்பித்துவிட்டார்.

"லேட்டாயிடுச்சாக்கா? கேட்டுச் சொல்லுங்களேன்."

அவர் போனிலிருந்தே நர்ஸைக் கூப்பிட்டேன். ஊசி ஏழாம் மாதம்தானே, அடுத்த செவ்வாய்க்கிழமை இந்தக் காகிதத்தோடு வரச் சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த நர்ஸ் மட்டும் வாய் வார்த்தையை நம்பி எழுதியிருந்தால் அந்த ஊசியே போட்டிருக்க மாட்டார்கள்.

கான்ட்ராக்டரிடம் சொன்னேன். "யாரும் கம்ப்ளைண்ட் பண்ணலியேம்மா, விடுங்க," என்றார். எனக்கு வந்த கோபத்தில் பாதி அவர் மேல், மீதி என் மேல். ஸ்பிரிட்டும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஆலத்தியூர் போனேன். ஷிஃப்ட் முடிந்து டீக்கடைக்கு வந்தவர்களிடம் ஒவ்வொரு ஹெல்மெட்டாக வாங்கிப் பார்த்தேன். மைனஸ் என்று இருந்தவை பதினொன்று. அவற்றை லிஸ்ட்டைப் பார்த்துத் திருத்தலாம் என்றுதான் போனேன். ஆனால் லிஸ்ட்டுக்கு யார் பொறுப்பு? "உங்களுக்கு டெஸ்ட் எடுத்தாங்களாண்ணே?" என்று பெரியவர் ஒருவரைக் கேட்டேன். "எல்லாரும் ஓ பாசிட்டிவ்னு சொன்னாங்க, நானும் சொன்னேன்," என்றார். எனக்கு எதைத் திருத்துவது என்றே தெரியவில்லை. அறுபதிலும் ரத்த குரூப்பைத் துடைத்தேன். நம்பரை மட்டும் விட்டேன்.

"இப்படிக் காலியா இருக்கேம்மா," என்று கான்ட்ராக்டர் முகத்தைச் சுளித்தார்.

"காலியா இருந்தாத்தான் சார் போயி டெஸ்ட் எடுப்பாங்க. பேப்பரோட வரட்டும், நானே போட்டுத் தரேன்," என்றேன்.

இதுவரை இருபத்திரண்டு பேர் வந்திருக்கிறார்கள். ஹெல்மெட்டை இறுக்கிக் கட்டி, நெற்றி நடுவில் குரூப்பை மட்டும் சின்னதாக அடித்து, ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்துத் தருகிறேன்.

பூலாம்பாடித் தம்பி போன மாதம் போன் செய்தார். அரியலூரில் பிரசவம், பெண் குழந்தை, இருவரும் நலம் என்றார். பிறந்ததும் குழந்தைக்கு ரத்தம் பார்த்துவிட்டுத் தாய்க்கு இன்னொரு ஊசியும் போட்டார்களாம்.

"பாப்பாவுக்கு என்ன குரூப்பு?" என்றேன்.

"பாசிட்டிவ்க்கா," என்றவர், நான் வாயைத் திறப்பதற்குள் சொன்னார்: "பேப்பர் கையில இருக்கு. அதப் பாத்துத்தான் சொல்றேன்."