பெயிண்ட் கடை பாயின் மாடிச் சுவரில் இரண்டு வெள்ளைப் பட்டைகள்

பெயிண்ட் கடை பாய் இன்று காலையில் போய்விட்டார். நெஞ்சுவலி என்றார்கள். மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் சொன்னார்கள், டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன்...

எங்கள் பழக்கமே ஒரு சண்டையில்தான் ஆரம்பித்தது. புது வீட்டின் வெளிச்சுவருக்கும் உள்சுவர் பெயிண்டையே வாங்கி அடித்த மேதை நான். வெள்ளை என்றால் வெள்ளைதானே!

ஒரே கோடை. சுவரில் சாய்ந்தவன் முதுகெல்லாம் கோலமாவு. அப்படியே கடைக்குப் போய் முதுகைக் காட்டிக் கத்தினேன்.

பாய் நிதானமாக ஒரு துணியை எடுத்துத் தட்டிவிட்டார். "உள்பக்கத்துக்குன்னு டப்பாவுலயே போட்டிருக்குதேண்ணா, படிக்கலீங்களா?"

"படிச்சேன் பாய். நம்பல."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

என் மகள் கெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்கிறாள். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் பார்டரில் தப்பித்தவனின் மகள். அம்மாவைக் கொண்டு பிறந்துவிட்டாள்.

வெள்ளை பெயிண்டில் போடும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடிதான் அவள் வேலை. கண்ணுக்கே தெரியாத நானோ துகள். வெயில் பட்டால் சும்மா இருக்காதாம், தன்னைச் சுவரில் பிடித்து வைத்திருக்கும் பசையையே அரித்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் மெல்லிசாக சிலிக்கா உறை போடுகிறாள்.

இதை எனக்கு மூன்று முறை விளக்கினாள். பாய்க்கு ஒரே முறை.

"அப்ப பொடிக்கு ரெயின்கோட்டுங்கற?"

"வெயில்கோட்டு மாமா. தடிச்சா வெள்ளை மங்கிடும், மெலிஞ்சா அரிச்சிடும். அதான் டெஸ்ட் பண்றேன்."

எங்கள் மாடிச் சுவரில் இரண்டு பட்டை அடித்தாள். உறை போடாதது ஒன்று, போட்டது ஒன்று. ஒரு வருட வெயில் பட வேண்டும். அவள் தீசிஸே அதில்தான் நிற்கிறது.

மீதி பெயிண்டைப் பாய் கேட்டு வாங்கி, அன்றைக்கே தன் மாடியிலும் அதேபோல் அடித்துக்கொண்டார். "கடைக்கு வர்றவங்க கேட்டா காட்டணுமில்ல..."

பொங்கல் வந்தது. போகியன்று வாசலில் காப்புக் கட்டுவதற்குள் வீட்டை வெள்ளையடித்தாக வேண்டும், ஆள் கிடைக்கவில்லை. நானே பிரஷ்ஷை எடுத்தேன். என்றைக்கும் இல்லாத சுறுசுறுப்பு. மாடிச் சுவரையும் விடவில்லை.

லீவுக்கு வந்தவள் மாடி ஏறிவிட்டு இறங்கினாள். "அப்பா... பட்டை எங்கப்பா?"

"சுவரு அழுக்கா இருந்துச்சு சாமி..."

எட்டு மாத வெயிலை நான் ஒரு மணி நேரத்தில் அழித்திருந்தேன். அவள் சாப்பிடவில்லை.

பாய்க்குப் போன் போட்டேன்.

"நீங்க பிரஷ்ஷத் தொட்டா வெளங்குமாண்ணா? பாப்பாவ நம்ம வூட்டுக்கு அனுப்புங்க. என் சுவரு அப்பிடியே இருக்குது."

ரம்ஜானுக்கு வீடு முழுக்க பெயிண்ட் அடித்தார். அந்தச் சுவரைத் தவிர.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும், மூட்டுவலியோடு அந்த மத்தியான வெயிலில் மாடி ஏறுவார். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு விரலைத் தேய்த்து மகளுக்குப் போட்டோ அனுப்புவார். ஒரு விரல் வெள்ளையாக இருக்கும். இன்னொன்று சுத்தமாக இருக்கும். நோன்பு மாதத்தில்கூட ஒரு வாரம் விட்டதில்லை.

போன வெள்ளியும் வந்தது. வருடம் முடிய இன்னும் ஒரு மாதம்தான்.

சாயங்காலம் அடக்கம் முடிந்து நிற்கும்போது, கடையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த மகன் வந்து என் கையைப் பிடித்தான். அழுது அழுது குரலே இல்லை.

"பாப்பாகிட்ட சொல்லிடுங்கண்ணா. வெள்ளிக்கிழமை போட்டோ இனி நான் அனுப்பறேன். ஆனா..."

"சொல்லுப்பா."

"உங்கள மட்டும் மாடிக்கு ஏத்தக்கூடாதுன்னு அப்பா சொல்லி வெச்சிருக்காரு."

அத்தனை பேர் நடுவில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அழுதோம்.

சரிங்க பாய்... ஏறமாட்டேன். வெயிலில் நின்றது போதும், நல்ல நிழலாகப் பார்த்து உட்காருங்கள்.