நுஃமான் நானாவின் மிச்சக் குளிசைகள்

பஸ்ஸில் ஏறியதும் நுஃமான் நானா ஆசனத்தைப் பார்க்கமாட்டார், கதவைப் பார்ப்பார். கதவோரம் தனக்கொன்று; பக்கத்தில் துவாயைப் போட்டு எனக்கொன்று. மன்னாரில் ஏறுகிறவர், முருங்கனில் நான் ஏறும்வரை அந்தத் துவாய்க்காக எத்தனை பேரோடு சண்டை பிடிப்பாரோ தெரியாது. "இதில ஆள் வருது, மருந்தெடுக்கப் போற பெடியன்" என்பார், பஸ் முழுக்கக் கேட்க.

எங்களுக்கு ஒரே நோய். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி இரத்தம் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரே கிளினிக், காத்திருக்க ஒரே வாங்கு. அவருக்கு அறுபத்தொன்பது வயது, எனக்குப் பதினேழு.

நானா கீரிக் கடற்கரையில் வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர். ஸ்பானரைத் தொடமுன் எஞ்சினில் காதை வைப்பார். "கத்துற எஞ்சினுக்குப் பயமில்ல தம்பி. கத்தாம இருந்துட்டு நடுக்கடல்ல நிக்கிறதுதான் ஆளைக் கொல்லும்." தன் வயிற்றில் மட்டும் காதை வைக்கத் தெரியவில்லை.

எனக்கு வந்தது கத்தியது. நாளுக்குப் பன்னிரண்டு தரம் கக்கூஸ், காய்ச்சல், ஒரு மாதத்தில் எட்டுக் கிலோ குறைவு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நின்றது. கத்தினதால் சீக்கிரமே குழாய் விட்டுப் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டார்கள். அவருக்கு வந்தது முணுமுணுத்தது. மூன்று நாலு தரம், இடைக்கிடை இரத்தம், சில நாள் மலச்சிக்கல்கூட. மூலம் என்று நினைத்து இரண்டு வருடம் கருணைக்கிழங்கு தின்றார். மகள் ஸில்மியா சாரத்தில் கறை கண்டு இழுத்து வந்திருக்காவிட்டால் இன்னும் தின்றுகொண்டிருப்பார்.

வாங்கில் குந்தியதும் முதல் கேள்வி, "எத்தின தரம்?"

"பதினாலு."

"யா அல்லாஹ்! எனக்கு நாலுதான்."

"நீங்கள் இன்னும் நேர்சரி நானா. நான் ஏ.எல். சோதினை எழுதிட்டன்."

வாங்கு குலுங்கச் சிரிப்பார். உண்மையில் அந்த மாதம் எனக்கு இரண்டு தரம்தான். குளிசை வேலை செய்துவிட்டது. இரண்டு என்றால் யார் சிரிப்பார்கள்?

அடுத்த முறை பஸ்ஸில் நாலு குளிசை அட்டைகளை என் மடியில் வைத்தார். "மிச்சம். உனக்குத்தான் கூடப் போகுது, நீ போடு."

எப்படி மிச்சம் வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பதினாலுக்கும் பதில் சொல்லவேண்டி வந்திருக்கும். வீட்டு அலுமாரிக்குள் போட்டுவைத்தேன். அதற்கடுத்த முறையும் தந்தார். வாங்கினேன்.

இந்த முறை கதவோரம் வேறு யாரோ இருந்தார்கள். கிளினிக் வாசலில் ஸில்மியா அக்கா மட்டும் நின்றா.

"வாப்பா வாட்டில. குளிசையைப் பாதிப் பாதியாப் போட்டிருக்கிறார் தம்பி. கேட்டா, எனக்கு நேர்சரி வருத்தம்தானே எண்டுறார்."

எனக்குக் காது சுட்டது. உள்ளே டொக்டர் அம்மா அவவுக்குச் சொன்னது பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. "எத்தின தரமெண்டு பார்த்துச் சின்ன வருத்தமெண்டு நினைக்காதேங்கோ. இளம் பெடியன் பத்துத் தரம் போனாலும் எழும்பி வருவான். வயசாளியள் நாலு தரத்திலயே தண்ணி வத்தி, ரத்தம் குறைஞ்சு விழுந்திடுவினம். மருந்து பிடிக்காட்டி குடலை வெட்டவேணும். இந்த வயசில அது எனக்கே பயம்."

கட்டிலில் கிடந்தது பாதி நானா. எஞ்சினைத் தூக்கும் கையில் சேலைன் ஊசி.

"நானா, அது பதினாலு இல்ல. ரெண்டு."

"ரெண்டா?"

"ஓம். அப்பவும் ரெண்டுதான். பகிடிக்குச் சொன்னனான்."

ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"அப்ப உனக்குச் சுகமெண்டு சொல்லு. அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவ்வளவுதான். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

தாதி வந்து இரண்டு குளிசையும் தண்ணீரும் கொடுத்தா. ஒன்றொன்றாக, கஷ்டப்பட்டு விழுங்கினார். பிறகு என்னைக் கிட்ட வரச்சொல்லி வாயைப் பெரிதாகத் திறந்து, நாக்கைத் தூக்கி, இரண்டு பக்கமும் காட்டினார்.