புளியமரத்தடியில் பார்த்த கடைசி ஓவர்

நான் மேட்ச் பார்த்தால் இந்தியா தோற்றுவிடும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். முப்பது வருஷமாக ஒவ்வொரு உலகக்கோப்பைத் தோல்விக்கும் பழி என் தலையில்தான் விழுந்தது. இந்த இறுதிப் போட்டியிலும் கடைசி ஓவர் வந்ததும் என் மனைவி திரும்பினாள்.

"இன்னா, இன்னும் குந்திக்கினு இருக்கிறீங்க? வெளிய போங்க."

எரிச்சலோடு கொல்லைப் புளியமரத்தடிக்குப் போனேன். ஜவ்வாது மலையில் எங்கள் பக்கம் போனுக்கு சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அதுதான். ஆறு பந்தையும் போனில் கண் இமைக்காமல் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம்! அப்பாடா என்று அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டேன்.

மனைவி ஓடிவந்தாள். "பாத்தீங்களா? நீங்க பாக்கல, கப்பு வந்துடுச்சி!"

"ஆமா" என்றபடி போனைச் சட்டைப்பையில் போட்டேன். அத்தனை தோல்விகளிலிருந்தும் எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் நான் பார்த்ததை வெளியே சொன்னால், அடுத்த உலகக்கோப்பைக்கு இந்த மரத்தடியும் கிடைக்காது.